வால் அட்டைகள்

போன மாதம் என் கைக்கு வந்த தாளின்படி நீ சாகவில்லை.

உன் தம்பி மகள்தான் கொண்டுவந்தாள். ஏதோ குடும்ப வேலைக்கு உன் பிறப்புப் பதிவின் நகல் தேவைப்பட்டிருக்கிறது. கம்ப்யூட்டரில் தட்டினார்களாம், ஒரு நிமிஷத்தில் வந்துவிட்டதாம். பெருமையாகச் சொன்னாள். நெரவியில் பிறந்தாய், பெண், அப்பா பெயர் இன்னது, அம்மா பெயர் இன்னது, பதிவு எண் இன்னது. அதற்கும் கீழே "ஓரக் குறிப்புகள்" என்று ஒரு வரி. அதற்கு நேரே "இல்லை" என்று இருந்தது.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தேன். பதினோரு மாதம் முன்னால் உன்னை எடுத்துக்கொண்டு போனபோது தெருமுனைவரை வந்தவள் நான். உன் இறப்பைப் பதிந்த ரசீதையும் இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அது உன் பிறப்புக்குப் பக்கத்தில் ஏறவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. பெண்ணை உட்காரவைத்துக் காபி கொடுத்து அனுப்பிவிட்டு, பீரோவைத் திறந்து, நாப்தலின் நெடியோடு கிடந்த அந்தப் பழைய அட்டையை எடுத்தேன். எண்பது கட்டம் போட்ட பஞ்ச் அட்டை. கடைசிக் கட்டத்தில் இரண்டாம் எண்ணுக்கு நேரே ஒரு சின்ன நீளத் துளை. உனக்கு ஞாபகம் இருக்கும். உனக்கு இல்லாமல் வேறு யாருக்கு இருக்கும்?

நாம் இருவரும் காரைக்கால் பிறப்பு இறப்புப் பதிவு ஆபீசில் தற்காலிக வேலைக்குச் சேர்ந்தது எழுபதுகளின் கடைசியில். நீ நெரவியிலிருந்து வருவாய், நான் சுரக்குடியிலிருந்து. சனிக்கிழமை என்றால் திருநள்ளாறு கூட்டத்தில் நசுங்கித்தான் என் பஸ் வந்து சேரும். தலை கலைந்து, புடவை கசங்கி, யார்மேல் எரிந்து விழலாம் என்று பார்த்துக்கொண்டே உள்ளே நுழைவேன். நீ அதற்குள் இரண்டு பேருக்குமான பென்சில்களைச் சீவி வைத்திருப்பாய். உனக்கும் எனக்கும் ஒரே வயது, ஒரே சம்பளம், ஒரே மேஜை. பொறுமை மட்டும் முழுக்க உன் பங்குக்குப் போய்விட்டது.

நமக்குக் கொடுத்த வேலை, பிரெஞ்சுக்காரன் காலத்திலிருந்து வரும் பிறப்புப் பதிவேடுகளைக் கம்ப்யூட்டருக்குத் தோதாக எழுதித் தருவது. கம்ப்யூட்டர் சென்னையில் இருந்தது. நாம் கட்டம் போட்ட தாள்களில் எழுதி அனுப்புவோம். அங்கே அதைப் பார்த்து அட்டைகளில் துளை போட்டு, டேப்பில் ஏற்றிக்கொண்டு, அட்டைகளை நீளத் தட்டுகளில் அடுக்கி நமக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒரு பிறப்புக்கு ஓர் அட்டை. ஊருக்கு இரண்டு கட்டம், வருஷத்துக்கு நான்கு, பதிவு எண்ணுக்கு நான்கு, மிச்சம் பெரும்பாலும் பெயர்களுக்கு. எண்பதாவது கட்டத்துக்கு நேரே "காலி" என்று போட்டிருந்தது.

அந்தக் கட்டங்களை வகுத்தவர் நம் பதிவேட்டைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார். பழைய ஆட்கள் பிரெஞ்சில் எத்தாசிவில் என்று சொல்லும் அந்தப் பதிவேட்டில் எழுத்து பக்கம் முழுக்க ஓடாது. ஓரமாகக் கொஞ்சம் இடத்தை வெறுமையாக விட்டிருப்பார்கள். பிறந்த ஆளுக்குக் கல்யாணம் ஆனால் அந்த இடத்தில் எழுதுவார்கள், எந்த ஊர்ப் பதிவேடு, எந்த வருஷம், எத்தனையாவது பதிவு என்பதோடு. கல்யாணம் முறிந்தால் அதுவும் அங்கேதான். பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கினால் அதுவும். கடைசியில் செத்தால் அதுவும். ஓரத்தைப் படித்தால்தான் ஆளைத் தெரியும். எண்பது கட்டத்தில் ஓரத்துக்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது.

அவர்கள் கேட்டதை எழுதிக் கொடுத்துவிட்டுப் போவோம், நமக்கென்ன என்றேன் நான். நீ பென்சிலைக் கீழே வைத்தாய்.

"பொறந்ததோட ஒருத்தரு நின்னுடுவாங்களாடி?"

அன்று மத்தியானத்துக்குள் வழி கண்டுபிடித்துவிட்டாய். ஓரத்தில் குறிப்பு இருக்கும் ஆளுக்கு இரண்டாவதாக ஒரு வரி எழுதுவது. அதே ஊர், அதே வருஷம், அதே எண். பெயர்களுக்கான கட்டங்களில் ஓரக் குறிப்பு. காலியாகக் கிடந்த எண்பதாவது கட்டத்தில், முதல் அட்டைக்கு 1, குறிப்புள்ள அட்டைக்கு 2, இன்னொரு குறிப்பும் இருந்தால் 3. நான் அதற்கு வால் அட்டை என்று பெயர் வைத்தேன். அப்புறம் அந்தப் பேச்சுதான் நமக்குப் பிழைப்பே. கல்யாணமாகாத பையனைப் பார்த்தால் வாலில்லாத பயல் என்போம். நம் ஆபீசருக்கு எத்தனை வால் என்று ஒருநாள் பதிவேட்டைத் திறந்து பார்த்துவிட்டு, தலையைக் குனிந்து சிரித்துச் சிரித்து உனக்கு விக்கல் எடுத்துவிட்டது.

ஆனால் ஒன்றை நாம் செய்யவில்லை. கட்டங்களை விளக்கும் அந்த மூலத்தாளில் "காலி" என்று இருந்ததை அடித்துவிட்டு உண்மையை எழுதவில்லை. தலைப்பில் கைவைத்தால் யாராவது கேள்வி கேட்பார்கள், தாளைத் திருப்பி அனுப்புவார்கள் என்ற பயம். செய்வதைச் செய்துவிட்டு வாயைத் திறக்காமல் இருப்பதுதான் நம் ஆபீசில் எல்லாருக்கும் பழக்கம். நாம்தான் இருக்கிறோமே, நமக்குத் தெரியுமே என்று விட்டுவிட்டோம்.

எட்டொன்பது வருஷம் போயிற்று. நாம் இருவரும் நிரந்தரமானோம். எண்பதுகளின் பின்பாதியில் நம் ஆபீசுக்கே ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அதற்கென்று ஏசி போட்ட அறை, வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும், ஆயுத பூஜைக்கு அதன் நெற்றியில் சந்தனம். சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். நாம் அவரைச் சென்னை சார் என்றே சொல்லுவோம். அவர் கொண்டுவந்த டேட்டாபேஸ் பேக்கேஜைப் பற்றி ஆபீசர் மந்திரம் மாதிரி பேசிக்கொண்டிருந்தார். பழைய டேப்பில் இருப்பதை ப்ளாப்பிகளில் இறக்கிக் கொடுத்தால் போதும், ஸ்க்ரீனைத் தானே உண்டாக்கிக்கொள்ளும், தேடித் தரும், அச்சடிக்கும். ஒரு கண்டிப்பு மட்டும் அதற்கு உண்டு. ஓர் எண்ணுக்கு ஒரே பதிவுதான் இருக்கலாம்.

உன்னைப் பயிற்சிக்குப் புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். அந்த வாரம்தான் சென்னை சார் பழைய டேட்டாவை ஏற்றினார். மூலத்தாளில் எண்பதாவது கட்டம் காலி என்று இருந்ததால் அதை அவர் ஏற்றவே இல்லை. ஒரே எண்ணில் இரண்டு மூன்று பதிவுகள் வந்து நிற்கின்றன என்று பேக்கேஜ் சொன்னது. சென்னையில் துளை போட்டவர்கள் தவறிப்போய் இரண்டு தடவை போட்டிருப்பார்கள் என்று அவர் சிரித்தார். உண்மையாகவே இரட்டித்துப்போன இரண்டை எடுத்துக் காட்டினார். பிறகு திரையில் ஒரு கேள்வி வந்தது, இரட்டைகளை நீக்கவா என்று. நீங்களே அழுத்துங்க மேடம் என்று நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

யெஸ் என்பதற்கான ஒய் எழுத்தை அழுத்தியது நான்தான். இதை உன்னிடம் அப்போதும் மறைக்கவில்லை, இப்போதும் மறைக்கவில்லை. அதுவரை யாரும் என்னை மேடம் என்று கூப்பிட்டு நாற்காலியைத் தள்ளியதில்லை. இரட்டை என்றால் என்ன என்று ஒரு நொடி யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. அந்தப் பெட்டி கடகடவென்று சத்தம் போட்டது, பிறகு நின்றது. வால்கள் எல்லாம் போய்விட்டன. சுத்தமான ஃபைலை அதே ப்ளாப்பிகளின் மேலேயே எழுதிக்கொண்டு, பேக்கேஜைக் கொண்டே பதிவுகளுக்கு ஒன்று, இரண்டு என்று புதிதாக எண்ணும் போடவைத்துவிட்டு அவர் ஊருக்குப் போனார். டேப் எங்கே என்று பிறகு கேட்டோம். அதில் வேறு ஏதோ வேலையை ஏற்றிவிட்டார்களாம்.

நீ திரும்பி வந்து ஒரு வாரம் இருக்கும். விழிதியூரிலிருந்து செண்பகம் வந்தாள். நடவு வேலைக்குப் போகிற பெண், முப்பது வயதுக்குள்தான். வயலிலிருந்து அப்படியே கிளம்பி வந்தவள்போல முழங்கை வரைக்கும் சேறு காய்ந்திருந்தது. அவள் புருஷன் பிரான்சில் இருந்தான். லீவில் வந்திருந்தவன் முந்தின வாரம் நம்மிடம் தன் பிறப்புப் பதிவின் நகலை வாங்கிக்கொண்டு போயிருந்தான். அச்சடித்துக் கொடுத்ததும் நான்தான்.

"அவரு வாங்கிட்டுப் போன பேப்பருல எம்பேரு இருக்காங்க?" என்று கேட்டாள்.

ஏன் கேட்கிறாய் என்றாய் நீ. கல்யாணத்தன்று இங்கேதான் அழைத்து வந்தார்களாம். புருஷன் பெயருக்குப் பக்கத்தில் அவள் பெயரை எழுதியாயிற்று என்று யாரோ சொன்னார்களாம். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்தத் தாளைக் காட்டித்தான் அவளைப் பிரான்சுக்குக் கூப்பிட்டுக்கொள்ளப் போவதாகப் புருஷன் சொல்லியிருந்தான். ஆனால் தாளைக் காட்டு, என் பெயரைத் தொட்டுப் பார்க்கிறேன் என்றதற்குக் காட்ட மாட்டேன் என்றுவிட்டான். அதனால் வந்தேன் என்றாள்.

நீ ஸ்க்ரீனில் எடுத்தாய். ஓரக் குறிப்பு என்று ஒரு வரியே அதில் இல்லை. பதிவேட்டை எடுத்துவந்து விரித்தாய். பக்கத்தின் ஓரத்தில், ஆபீஸ் மையில், செண்பகத்தின் பெயர் இருந்தது. நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய்.

"நான் இல்லாதப்ப எதையாச்சும் அழிச்சியா?"

நடந்ததைச் சொன்னேன். நீ திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். செண்பகத்தை பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, என்னை ஓரமாக அழைத்துப்போய் மெதுவாக விளக்கினாய். பிரான்சில் ஒருவன் கல்யாணம் செய்துகொள்ள வேண்டுமென்றால் பிறப்புப் பதிவின் நகலை வைக்க வேண்டும். அங்கே முதலில் ஓரத்தைத்தான் பார்ப்பார்கள். ஓரம் வெறுமையாக இருந்தால் அவன் கல்யாணமாகாதவன். நாம் அவனுக்குக் கொடுத்தது அந்தத் தாள். கூப்பிட்டுக்கொள்ளப் போகிற புருஷன் அதைப் பெண்டாட்டியிடம் ஏன் ஒளிக்கிறான்? அவன் வெள்ளிக்கிழமை கிளம்புகிறான். அன்று புதன்.

ஆபீசரிடம் போனோம். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். சென்னை சாருக்கு டிரங்க் கால் போட்டுப் பேசினார். பழைய டேட்டாவில் தப்பு, பேக்கேஜில் தப்பில்லை என்று பதில் வந்தது. கம்ப்யூட்டர் போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை, மேலே இருந்து பாராட்டுக் கடிதம் வந்திருக்கிறது, இப்போது போய்த் தப்பு என்று எழுதினால் நம் மானம் போகும் என்றார் ஆபீசர். அந்தப் பெண்ணுக்கு வேண்டுமானால் கையால் ஒரு நகல் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள், சத்தமில்லாமல் முடியட்டும் என்றார்.

அவள் கையில் நகல் இருந்து என்ன பிரயோஜனம், அவன் கையில் வேறு தாள் இருக்கும்போது? நீ இரண்டு தாள்களை அவர்முன் வைத்தாய். ஒன்று, ஓரக் குறிப்போடு கையால் எழுதிய நகல். மற்றது, முன்பு இந்த ஆபீஸ் கொடுத்த நகல் குறையுள்ளது, செல்லாது என்று சொல்லும் கடிதம். அவன் வேலை பார்க்கும் ஊரின் நகராட்சிக்கு ஒன்று, தூதரகத்துக்கு ஒன்று. முகவரியை செண்பகம் வைத்திருந்த தபால் உறையிலிருந்து எடுத்திருந்தாய். ஆபீசர் பேனாவைத் தொடவில்லை.

"நீங்க கையெழுத்துப் போடலன்னா, நான் ரெஜிஸ்டரத் தூக்கிட்டுப் போயி வாசல்ல வச்சி, வர்றவங்களுக்கெல்லாம் ஓரத்தப் படிச்சிக் காட்டுறேன் சார்."

உரக்கச் சொல்லவில்லை நீ. டீ சாப்பிடுகிறீர்களா என்று கேட்கிற குரல். அவர் என்னைப் பார்த்தார், நானாவது உன்னை அடக்குவேன் என்று. அழுத்தினது நான்தான் சார், கடிதத்தில் என் பெயரையும் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். அவ்வளவு திமிராக என் வாழ்க்கையில் அதுவரை நின்றதில்லை. கையெழுத்து விழுந்தது. வியாழக்கிழமை காலை ரிஜிஸ்தர் தபாலில் போயிற்று. மறுநாள் செண்பகத்தின் புருஷன் ஊரைவிட்டுப் போனான்.

அதோடு விட்டிருந்தால் நமக்கு நிம்மதி. நீ விடவில்லை. நான் அழுத்திய நாளிலிருந்து வெளியே போன நகல் ஒவ்வொன்றையும் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கும்வரை இந்தப் பெட்டியிலிருந்து இன்னொரு தாள் வராது என்று பிரிண்டரின் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி உன் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினாய். உனக்கு மெமோ வந்தது. எனக்கும் வந்தது, ஆனால் உன்னுடையது நீளம். சென்னை சார் பறந்து வந்தார். உலகம் பூராவும் இந்தப் பேக்கேஜ் இப்படித்தான் வேலை செய்கிறது, உங்கள் பதிவேட்டு எண்களைத் தலைமுழுகிவிட்டு இது கொடுக்கும் எண்ணுக்கு மாறிவிடுங்கள், எல்லாம் சரியாகிவிடும் என்றார்.

நீ ஒரு பக்கத்தைத் திறந்து ஓரத்தைக் காட்டினாய். நெரவிப் பதிவேடு, இன்ன வருஷம், நாற்பத்தொன்றாவது பதிவு என்று எழுதியிருந்தது. ஓரங்கள் எல்லாம் ஒன்றையொன்று இப்படித்தான் கூப்பிட்டுக்கொள்கின்றன. எண்ணை மாற்றிவிட்டால் இந்த நாற்பத்தொன்றை யார் போய்த் தேடுவது என்று கேட்டாய். அவர் ஏதோ சொல்ல வந்தார். நீ முந்திக்கொண்டாய்.

"பொட்டி நமக்காவ வந்துச்சா சார், நாம பொட்டிக்காவ வந்தமா?"

அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் அதற்குப் பிறகு எத்தனை ஆபீசர்களோடு சண்டை போட்டிருக்கிறேன் தெரியுமா? பெட்டிதான் மாறும், வாக்கியம் அப்படியே பொருந்தும்.

டேப் போய்விட்டது, ப்ளாப்பி போய்விட்டது. பதிவேடுகளிலிருந்து மறுபடியும் எழுதுவதென்றால் வருஷக்கணக்காகும். மிச்சம் இருந்தது ஸ்டோர் ரூமில் தட்டுத் தட்டாகக் கிடந்த பஞ்ச் அட்டைகள். அவற்றையும் கழிவுத்தாளோடு போட்டுவிடச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. அட்டைகளைப் படிக்கும் இயந்திரம் காரைக்காலில் எங்கும் இல்லை. அட்டையின் தலையில் எழுத்து அச்சாகியிருக்கும், கண்ணால் படிக்கலாம்தான். ஆனால் அந்த மலையில் வால் அட்டைகளை மட்டும் எப்படிப் பொறுக்குவது? ஒவ்வொன்றாகப் புரட்டினால் நாம் ரிட்டயர் ஆகும்வரை புரட்ட வேண்டியதுதான்.

ஐப்பசி கார்த்திகை மழையில் அட்டைகள் ஈரம் குடித்து உப்பிப்போயிருந்தன. தை பிறந்து வெயில் வந்ததும் நீ அவற்றை மாடியில் காயவைத்து, செங்கல்லைப் பாரம் வைத்துத் தட்டையாக்கினாய். அட்டெண்டர் வந்து, அப்பளமா போடுறீங்க என்று கேட்டார். நீ கீழே போய், பெருக்குகிற அம்மாவிடம் இருந்து ஒரு துடைப்பத்தை வாங்கி வந்தாய். அதிலிருந்து மெல்லிய ஈர்க்கு ஒன்றை உருவினாய். ஒரு கை அட்டைகளை எடுத்து நேராகத் தட்டி அடுக்கி, எண்பதாவது கட்டத்தில் ஒன்றாம் எண் துளைக்குள் ஈர்க்கை நுழைத்தாய். முதல் அட்டைகள் எல்லாவற்றிலும் அந்த இடத்தில் துளை உண்டு, ஈர்க்கு சறுக்கிக்கொண்டு போயிற்று. ஓர் இடத்தில் முட்டி நின்றது. முட்டிய அட்டையை உருவி என்னிடம் நீட்டினாய். கடைசிக் கட்டத்தில் துளை இரண்டில் இருந்தது. வால்.

நான் கத்திவிட்டேன். அட்டெண்டர் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார்.

தையில் தொடங்கி ஆனி வரை பகல் சாப்பாட்டு நேரம் எல்லாம் அந்த மாடியில் போயிற்று. ஏசி அறைக்குள் அட்டை வரக்கூடாது என்று ஆபீசர் சொல்லியிருந்தார், நமக்கும் அந்த அறை வேண்டியிருக்கவில்லை. நான் ஈர்க்கு விட்டு உருவுவேன், நீ தலையில் இருப்பதைப் படித்து நோட்டில் ஏற்றுவாய். ஈர்க்கு முட்டும்போதெல்லாம் உன் முகத்தைப் பார்ப்பேன். ஒருவர் திரும்பக் கிடைத்த மாதிரி ஒரு சின்ன தலையாட்டல். கழிவுத்தாள்காரர் இரண்டு தடவை வந்தார், இரண்டு தடவையும் நான் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டேன். என்னைத் தாண்டிக்கொண்டு போக அவருக்குத் தைரியம் இல்லை.

நோட்டில் ஏறியதைப் பேக்கேஜுக்குள் கொண்டுபோனதுதான் உன் சாமர்த்தியம். அதன் கனத்த புத்தகத்தை டிக்‌ஷனரியோடு உட்கார்ந்து படித்தாய். அந்தக் கண்டிப்பை நீ உடைக்கவில்லை, அதற்குள்ளேயே இடம் பிடித்தாய். முதலில், அது போட்ட புது எண்களைத் தூக்கி எறிந்தாய். ஊர், வருஷம், பதிவு எண் மூன்றையும் ஒட்டி ஒரே எண்ணாக்கி, இதுதான் அடையாளம், இதை வைத்துக்கொள் என்று அதனிடம் சொன்னாய். அடுத்து, வால்களுக்குத் தனியாக ஒரு ஃபைல். அங்கே அதே எண்ணோடு கடைசிக் கட்டமும் சேரும், அதனால் எதுவும் இரட்டை ஆகாது. இரண்டு ஃபைலையும் அந்த எண்ணால் பிணைத்தாய். மூன்றாவதாக ஒரு சின்ன புரோகிராம். வால் ஃபைலைத் திறந்து பார்க்காமல் எந்த நகலையும் அச்சடிக்க முடியாது. குறுக்கு வழியில் போனால் ஸ்க்ரீனில் இங்கிலீஷ் எழுத்தில் "ஓரம் பார்" என்று வரும், பிரிண்டர் அசையாது.

மூலத்தாளையும் எடுத்தாய். "காலி" என்பதை சிவப்பு மையில் அடித்துவிட்டு, எண்பதாவது கட்டம் எதற்கு என்று அரைப் பக்கம் எழுதினாய். கீழே உன் கையெழுத்து, பக்கத்தில் என் கையெழுத்து.

வெளியே போன நகல்களையும் அதற்குள் ஒப்பிட்டு முடித்திருந்தாய், அதுவரை நகல் எல்லாம் கையால்தான். அன்று டிராயரைத் திறந்து ஒயரை எடுத்து மாட்டினாய். பிறகு சென்னை சார் அந்த முறையைக் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு போனார். நீ கொடுத்தாய். நானாக இருந்தால் கொடுத்திருக்க மாட்டேன்.

அதற்கும் முன்பே, பங்குனி வாக்கில் செண்பகம் ஒரு கடிதத்தோடு வந்திருந்தாள். புருஷன் எழுதியது. வரிக்கு வரி வசவு. அங்கே இன்னொருத்தியோடு கல்யாணத்துக்கு எல்லாம் ஏற்பாடு செய்திருந்தானாம், நகராட்சியில் நிறுத்திவிட்டார்களாம், உன்னால் என் மானம் போயிற்று, இனி உன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று எழுதியிருந்தான். நீ ஒரு வார்த்தை விடாமல் படித்தாய். மென்மையாக்கிப் படித்திருக்கலாமே என்று பிறகு உன்னிடம் சண்டைக்கு வந்தேன். அவள் கடுதாசி, அவள்தான் முழுசாகக் கேட்க வேண்டும் என்றாய்.

செண்பகம் கடிதத்தை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"அப்ப எம்பேரு அங்க போயி நின்னுருக்கு, இல்லிங்க?"

பதிவேட்டைக் காட்டச் சொன்னாள். உள்ளங்கையைப் புடவையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, நீ காட்டிய இடத்தில் விரலை வைத்தாள். அவன் அவளைக் கூப்பிட்டுக்கொள்ளவே இல்லை. இரண்டு மூன்று வருஷம் கழித்து அவளே கோர்ட்டுக்குப் போய் விடுதலை வாங்கிக்கொண்டு, அந்தத் தீர்ப்பு ஓரத்தில் ஏறுகிறதா என்று பார்க்க வந்து நின்றாள். கடைசிக் கட்டத்தில் மூன்று போட்டது நீ. அன்று மூன்று பேரும் கடைக்குப் போய் டீ குடித்தோம்.

இதெல்லாம் போய், பெட்டிகள் எத்தனையோ மாறி, நாமும் ரிட்டயர் ஆகி, கடைசியில் உன் தாளிலேயே "இல்லை" என்று வந்து நிற்கிறது. நீ கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டாய். உன் பக்கத்தின் ஓரத்தில் எழுத ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதையும் விட்டுவிட்டார்கள்.

மறுநாளே போனேன். கவுண்டரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள், சிஸ்டத்தில் இல்லைங்களே அம்மா என்றாள். இறப்பு வேறு இடத்தில் ஏறுகிறதாம், பிறப்பு வேறு இடமாம், இரண்டும் பேசிக்கொள்ளாதாம். வீட்டுக்கு வந்து அந்தத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், ஒரு நாள் முழுக்க எனக்கு அதை மாற்ற மனம் வரவில்லை. ஏதோ ஒரு பெட்டிக்குள் நீ இன்னும் உயிரோடு இருக்கிறாய், இருந்துவிட்டுப் போயேன் என்று தோன்றியது. உன்னால் அதை ஒரு நிமிஷம் தாங்கியிருக்க முடியாது என்பதும் தெரிந்தது.

மறுபடியும் போனேன். நாளைக்கு வாருங்கள் என்றார்கள். நாளைக்கும் போனேன். இப்போதிருக்கும் ஆபீசர் எழுந்து நின்று நாற்காலி போட்டார், நான் உட்காரவில்லை. ரெஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் வைத்துப் படிப்பேன் என்றேன். உன் குரல் எனக்கு வரவில்லை, கத்தலாகத்தான் வந்தது. பதிவேடு வந்தது. உன் பக்கத்தை விரித்தார்கள், ஓரம் வெள்ளையாக இருந்தது. கவுண்டர் பெண் நான் பார்க்கப் பார்க்க மையில் எழுதினாள், தேதியோடு, எண்ணோடு. பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றி, தாளை அச்சடித்துக் கொடுத்தாள். ஓரக் குறிப்புகள் என்ற வரிக்கு நேரே நீ செத்துப்போயிருந்தாய். அதைப் படித்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. பதினோரு மாதத்து அழுகை, அந்தக் கவுண்டரிலேயே.

அந்தப் பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் குடித்து முடிக்கும்வரை நின்றிருந்துவிட்டு, இதே மாதிரி இன்னும் எத்தனை பேர் விட்டுப்போயிருப்பாங்கம்மா என்று கேட்டாள். கேட்டாளே, அதுவே போதும். எழுதிப் பார்த்தால் தெரியும் என்றேன். ஆபீசரிடம் பேசி எனக்கு அங்கே ஒரு மேஜை கேட்டிருக்கிறாள். கொடுத்தால் சரி, கொடுக்காவிட்டால் மாடிப்படி இருக்கிறது.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போகிறேன். பைக்குள் கண்ணாடி, நோட்டு, சீவிய பென்சில் இரண்டு. துடைப்பத்திலிருந்து நல்லதாக ஓர் ஈர்க்கும் உருவி வைத்திருக்கிறேன். இப்போது அதற்கு அங்கே வேலை இல்லை, தெரியும். இருக்கட்டும்.